விலாசம் உள்ள சாமான்

பழங்காநத்தத்தில் மங்கை எலெக்ட்ரிகல்ஸுக்குப் புதிதாக வருகிற ஆண்கள் முதலில் கேட்பது, "ஓனர் இல்லையாம்மா?" என்றுதான். கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் அலர்மேல்மங்கை, "இருக்காங்க, சொல்லுங்க" என்பாள். வந்தவர் அவளைத் தாண்டிக் கடைக்குள் எட்டிப் பார்ப்பார். ஒரு ஆளும் தென்படாது. "என்ன வேணும்னு ஓனர்தான் கேக்குறாங்க" என்று அவள் மறுபடி சொன்ன பிறகுதான் அவருக்கு உறைக்கும்.

நாற்பது வயது. ஒடிசலான உடம்பு. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இடது கையில் டெஸ்டரை வைத்துக்கொண்டே பேசுவாள். பிறந்தது முனிச்சாலைப் பக்கம், ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில். பத்தாம் வகுப்பு முடித்ததும் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் எடுக்கிறேன் என்று நின்றபோது, "பொம்பளப் பிள்ளைக்குக் கரண்டோட என்ன வேலை?" என்று பெரியப்பா கேட்டார். வீட்டில் ஃபியூஸ் போனபோதெல்லாம் அதே பெரியப்பா அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிக்காட்டியே சீட்டு வாங்கிச் சேர்ந்தாள்.

படித்து முடித்ததும் கப்பலூரில் சுவிட்ச், சாக்கெட் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. டெஸ்டிங் செக்ஷன். அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. பதினோரு வருடம் அப்படி இருந்தாள். பன்னிரண்டாவது வருடம் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். சாமானை இங்கே செய்வதைவிட, செய்து முடித்ததைக் கப்பலில் இறக்கி, கம்பெனி பேர் போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்து விற்பது லாபமாக இருக்கிறதாம். மெஷின்கள் லாரி ஏறின. அறுபது பேர் வீட்டுக்குப் போனார்கள். ஃபேக்டரி குடோன் ஆனது. கம்பெனி பேர் மட்டும் அப்படியே இருந்தது.

"அப்ப டெஸ்டிங் யாரு சார் பண்ணுவா?" என்று மங்கை கேட்டாள்.

"அங்கேயே பண்ணித்தான்மா அனுப்புறாங்க" என்றார் முதலாளி.

கையில் வந்த பணத்தையும் கழுத்தில் இருந்ததையும் போட்டு இந்தக் கடையைத் திறந்தாள். கணவன் ராஜகுருவுக்கு அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. யாருடைய வம்புக்கும் போகாத மனிதர். "கடை வேணா வையி. ஆனா எல்லார்கிட்டயும் சண்டை போடாத" என்பதுதான் அவர் சொன்ன ஒரே நிபந்தனை. ஏழெட்டு வருடம் அவள் அந்த வாக்கைக் காப்பாற்றினாள் என்றே சொல்ல வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுவோம். அந்த ஏழெட்டு வருடமும் அவள் கடையில் எல்லாச் சரக்கும் இருந்தது. கப்பலில் வந்ததும் இருந்தது, கோயம்புத்தூரில் இருந்து வந்ததும் இருந்தது. எது எங்கே செய்தது என்று கேட்டவருக்குச் சொன்னாள், கேட்காதவருக்குச் சொல்லவில்லை. மாசி வீதி மொத்த வியாபாரி முகேஷ் எதை அனுப்பினாலும் இறக்கிக்கொண்டாள். ஒருமுறை திருவாதவூர்ப் பக்கம் ஷெட் போட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செய்கிற காசிமாயன் என்பவர் தோளில் சாக்குப்பையோடு கடை ஏறி வந்தார். பெட்டியைக் காட்டினார். முகேஷ் தருவதைவிட விலை ஒரு மடங்கு கூட. "நல்லாருக்கு அண்ணே, ஆனா ஓடாது" என்று திருப்பி அனுப்பினாள். மறு மாதமும் வந்தார். மறுபடியும் அனுப்பினாள்.

போன வருடம் ஐப்பசியில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பாண்டிமீனா கடைக்குள் வந்தாள். வலது கையில் முழங்கைவரை கட்டு. இடது கையில் ஒரு மஞ்சள் பை. பையைக் கவிழ்த்துக் கல்லா மேல் கொட்டினாள். வெள்ளை பிளாஸ்டிக் உருகி, வழிந்து, கறுத்துப்போன ஒரு கட்டி வந்து விழுந்தது. கூடவே பாதி எரிந்த பட்டு ஜாக்கெட் ஒன்று.

"இது உங்க கடையில வாங்குனதுதானக்கா?"

மங்கை எடுத்துப் பார்த்தாள். அவள் கடையில் வாங்கியதுதான். எட்டு மாதமாகக் கடையில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

"என்ன மீனா ஆச்சு? அயன்பாக்ஸ் போட்டியா இதுல?"

"போட்டேன். போடக் கூடாதா? மிஷினுக்கும் அயன்பாக்ஸுக்கும்னு சொல்லித்தான வாங்குனேன்? தாங்கும்னு நீங்கதான சொன்னீக? ஒரு முகூர்த்தத்துக்கு ஆறு ஜாக்கெட்டு. தேச்சு அடுக்கி வச்சிருந்தேன். பக்குனு பிடிச்சிருச்சு. அணைக்கப் போயி கை வெந்தது. பொண்ணு வீட்டுக்காரக வந்து வாசல்ல நின்னு எம்புட்டுப் பேச்சு பேசுனாக தெரியுமா?" அவள் எரிந்த ஜாக்கெட்டை மங்கை பக்கம் தள்ளினாள். "விலை கம்மியா இருக்கே, நல்லதாக்கான்னு கேட்டேன். இந்தியாவுல செஞ்சதுதான், தைரியமா வாங்குன்னு சொன்னீக. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வாங்குனேன்."

மங்கை அலமாரியிலிருந்து அதே மாதிரிப் புதுப் பெட்டி ஒன்றை எடுத்தாள். ஸ்க்ரூவைக் கழற்றினாள். உள்ளே இருந்த ஒயரின் மேல்தோலைச் சீவி, பிளேடு முனையால் கம்பியைச் சுரண்டினாள். மேலே செம்பு நிறம். ஒரு சுரண்டலில் அது போய், அடியில் வெள்ளையாக, செம்பு அளவுக்குக் கரண்ட் தாங்காத அலுமினியம் தெரிந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தை எடுத்துப் பின் செருகும் இடத்தில் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது. இது மஞ்சள் முலாம் பூசிய இரும்புத் தகடு. கடைசியாகப் பெட்டியைத் திருப்பி, மூவர்ணக் கோடு போட்ட 'இந்தியத் தயாரிப்பு' ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதில் வேறொரு நாட்டின் பேர்.

பதினோரு வருடம் டெஸ்டிங் செக்ஷனில் உட்கார்ந்தவள் அவள். இந்தப் பெட்டியைக் கைக்கு வந்த முதல் நாளே திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்தாள், விலையைப் பார்த்தாள், அடுக்கினாள். கப்பலூர் முதலாளி செய்ததற்கும் தான் செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தபோது அவளுக்கு முகம் எரிந்தது.

"மீனா, தப்பு என்னுது" என்றாள். "அந்த ஆறு ஜாக்கெட்டுக்கும் நான் பொறுப்பு. பொண்ணு வீட்டுக்கு நானே வந்து சொல்றேன்."

சொன்னபடி அன்று சாயங்காலமே போய்ச் சொன்னாள். ஏச்சும் வாங்கிக்கொண்டாள். துணிக்கும் கூலிக்கும் உண்டானதைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த மூன்று நாள் அவள் ஃபோனும் கையுமாக இருந்தாள். முதலில் முகேஷ்.

"அக்கா, ஸ்டிக்கர் நான் ஒட்டலக்கா. மேல இருந்தே அப்படித்தான் வருது."

"மேலன்னா எங்க?"

"சென்னைப் பார்ட்டி."

சென்னைப் பார்ட்டியைப் பிடித்தாள். அவர் டெல்லியைக் காட்டினார். டெல்லி நம்பர் உபயோகத்தில் இல்லை. அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்த டெல்லி விலாசத்தை அந்த ஊரில் இருக்கும் நாத்தனார் மகனிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். அப்படி ஒரு தெருவே இல்லை அத்தை என்று அவன் சொன்னான். ஒருத்தியின் கையைச் சுட்ட பெட்டி. அதைச் செய்தவன் யார் என்று தேடிப்போனால், போய் நின்று கேட்பதற்கு ஒரு வாசல்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு ஸ்டிக்கரில் எதை நம்பிப் போனாலும் வெறும் சுவர்தான்.

நான்காம் நாள் காலை பெயிண்டரை வரவழைத்து ஒரு பலகை எழுதச் சொன்னாள். ராஜகுரு அலுவலகம் கிளம்பிக்கொண்டிருந்தவர், அவள் எழுதித் தந்த சீட்டைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

'எட்டு மாதமாக இந்தக் கடையில் விற்ற வெள்ளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆபத்தானது. உள்நாட்டுத் தயாரிப்பு என்று சொல்லி விற்றேன். அது பொய். நான் சோதிக்காமல் சொன்ன பொய். பெட்டியைக் கொண்டு வந்தால் நல்லது தருகிறேன். பில் வேண்டாம். – அலர்மேல்மங்கை.'

"உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? நீயே உன் தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கிறதா?" என்றார். வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர மொழியில் அவர் கோபப்படுவது அபூர்வம். "ஒருத்தன் கேஸ் போட்டா என்ன பண்ணுவ?"

"போடட்டும். என் விலாசம் இருக்கு, வந்து போடட்டும்" என்றாள்.

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல் தாண்டித் திரும்பி நின்று, "எழுத்துப் பெருசா எழுதச் சொல்லு. எழுதுறதுன்னு ஆச்சு, கண்ணாடி போடாதவங்களுக்கும் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பலகை மாட்டிய அன்றே பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. மாற்றித் தர நல்ல பெட்டி வேண்டுமே. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றி, ஒத்தக்கடை தாண்டி, வயல்களுக்கு நடுவே திருவாதவூர் ரோட்டில் போய்க் காசிமாயன் ஷெட்டைக் கண்டுபிடித்தாள். தகரக் கூரை. நீள மேசை இரண்டு. ஒன்பது பெண்கள் உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார்கள். காசிமாயனுக்கு ஐம்பது வயது இருக்கும். மோட்டார் காயில் கட்டிப் பிழைத்தவர். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு தடவை வாசல்ல நிக்க வச்சு அனுப்புனீகளே. இப்ப என்ன காத்து இந்தப் பக்கம் அடிச்சிருக்கு?"

"தப்பான சரக்கை வித்துட்டேன் அண்ணே. மாத்திக் குடுக்கணும். உங்களதைப் பாக்க வந்தேன்."

அவர் ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டார். மங்கை அங்கேயே உட்கார்ந்து பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திறந்தாள். செம்புக் கம்பி, அசல். தகட்டில் காந்தம் ஒட்டவில்லை. இன்னொன்றைத் திறந்தாள். இன்னொன்று. ஐந்தாவது பெட்டியில் ஒயரைப் பிடிக்கும் ஸ்க்ரூ பாதிதான் முடுக்கியிருந்தது. ஏழாவதிலும் அப்படித்தான்.

"இதை நான் வாங்க மாட்டேன்" என்றாள்.

காசிமாயன் சிரித்துவிட்டார். "வாங்க வந்துட்டு வாங்க மாட்டேங்கிறீக. நம்ம ஊரு சாமான், நாலு பொம்பளைக பிழைக்குது, கொஞ்சம் அனுசரிச்சுப் போகலாம்ல?"

"நம்ம ஊருன்னு சொல்லி ஏமாத்துனா அது ரெண்டு மடங்கு ஏமாத்து. ஸ்க்ரூ லூசா இருந்தா சூடேறும். சூடேறுனா என்ன ஆகும்னு எங்க தெருவுல ஒருத்தி கையில கட்டுப் போட்டு உக்காந்திருக்கா, வந்து பாருங்க. கப்பல்ல வந்ததுன்னா நான் யாருகிட்டப் போயி நிப்பேன்? உங்ககிட்ட வந்து நிக்க முடியுது. அதுக்குத்தான் வந்தேன். நின்னுக்கிட்டுத்தான் இருப்பேன், நீங்க சரி பண்ற வரைக்கும்."

மேசையில் இருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். காசிமாயனுக்கு முகம் சுண்டியது. அந்த ஐந்தாவது பெட்டியைக் கையில் எடுத்து ஒயரை இழுத்துப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது. பிறகு அடுக்கி வைத்திருந்த நூற்றுச் சொச்சம் பெட்டியையும் மேசை மேல் கொட்டி, "எல்லாத்தையும் பிரிங்கத்தா" என்றார். பொழுது சாய்கிறவரை மங்கையும் அவர்களோடு உட்கார்ந்து முடுக்கினாள். ஒவ்வொன்றையும் அயன்பாக்ஸ் மாட்டிப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தாள்.

கிளம்பும்போது இன்னொன்று கேட்டாள். "பெட்டிக்குப் பின்னாடி உங்க பேரும் ஃபோன் நம்பரும் அச்சடிக்கணும்."

"அய்யோ, கண்டவனும் கூப்பிடுவான்க்கா!"

"கூப்பிடட்டும்னுதான் சொல்றேன்."

பழங்காநத்தத்தில் பலகை வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. அதைப் படித்தவர்கள் மற்றக் கடைகளுக்கும் போய், "இது எங்க செஞ்சது? அடியில வேற ஸ்டிக்கர் இருக்கா?" என்று நகத்தால் உரிக்க ஆரம்பித்தார்கள். பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரு காலையில், கடையில் நாலைந்து பேர் சாமான் வாங்கிக்கொண்டிருந்தபோது, முகேஷ் காரில் வந்து இறங்கினான். பின்னால் அதே ரோட்டில் கடை வைத்திருக்கும் மூன்று பேர். முகேஷுக்கு முப்பத்தைந்து வயது. மரியாதை தெரிந்த பிள்ளை. மாசி வீதியிலேயே பிறந்து வளர்ந்தவன். எப்போதும் சிரித்த முகம். அன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் வந்தான்.

"அக்கா, பலகையைக் கழட்டிருங்க. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. இந்தச் சரக்கு பூராத்தையும் நான் திரும்ப எடுத்துக்கிறேன்."

"எடுத்து?"

"அது என் பாடு."

"வேற கடைக்குத்தான குடுப்ப? இன்னொரு மீனா கை வேகணும். எடுத்துட்டுப் போக விட மாட்டேன் தம்பி."

முகேஷின் சிரிப்பு குறைந்தது. "சரிக்கா. உள்நாடு, உள்நாடுன்னு பேசுறீகளே. உங்க கையில இருக்க ஃபோன் எங்க செஞ்சது?"

மங்கை ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். "வெளிநாடு. இந்தா, அதுலயே எழுதியிருக்கு. மேல யாரும் வேற ஸ்டிக்கர் ஒட்டல."

"இந்த அலமாரி பூரா எல்ஈடி பல்பு அடுக்கியிருக்கீகளே, கோயம்புத்தூருன்னு. அதுக்குள்ள இருக்க சிப்பு எங்க இருந்து வருதுன்னு தெரியுமா?"

அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. வாடிக்கையாளர்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தெரியாது" என்றாள். "கேக்குறேன். வெளிநாடுன்னா வெளிநாடுன்னு எழுதி வைக்கிறேன். கப்பல்ல வாரதெல்லாம் கெட்டதுன்னு நான் சொல்லல. இங்க செய்யுறவன் எல்லாம் யோக்கியன்னும் சொல்லல. யார் செஞ்சான்னு மறைக்காத, அம்புட்டுத்தான். செஞ்சவன் பஸ் ஏறிப் போற தூரத்துல இருந்தா அவன் சட்டையைப் பிடிச்சு நான் கேப்பேன். இதைச் செஞ்சவனை யாரு கேக்குறது? நீ கேட்டுச் சொல்லு, பலகையைக் கழட்டுறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய், வெள்ளைப் பெட்டிகள் இருந்த மூட்டையை இழுத்து வந்து கடை முன்னால் ரோட்டோரத்தில் கொட்டினாள். திரும்பி வந்தவை, விற்காதவை எல்லாம். சுத்தியலை எடுத்து ஒவ்வொன்றாக உடைக்க ஆரம்பித்தாள். அத்தனையும் அவள் காசு. முகேஷ் காரின் கதவைத் திறந்தான். கூட வந்த மூவரில் ஒருவர், வயதானவர், "நம்ம பேத்தி படிக்கிற மேசைக்கு அடியிலயும் இதுல ஒண்ணு கிடக்குதுப்பா" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டைப் பார்க்க நடந்தார்.

அன்றிலிருந்து மாசி வீதியில் அவளுக்குச் சரக்கு நின்றது. ஒயர் கேட்டால் ஸ்டாக் இல்லை என்றார்கள். சுவிட்ச் கேட்டால் அடுத்த வாரம் என்றார்கள். முகேஷ் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் விடவில்லை. கோயம்புத்தூருக்கும் சிவகாசிப் பக்கத்துக்கும் தானே பஸ் ஏறினாள். செய்கிற இடத்துக்கே போய், பார்த்து, பிரித்து, சண்டை போட்டு வாங்கினாள். வந்த சரக்கை அடுக்கும்போது ஒவ்வொரு தட்டுக்கும் கீழே அட்டை எழுதி ஒட்டினாள். ஊர் பேர், செய்தவர் பேர். சில அட்டைகளில் வெளிநாட்டின் பேர். பல்புக்குக் கீழே, 'கோயம்புத்தூரில் பாகங்களைப் பூட்டிச் செய்தது. உள்ளே இருக்கும் சிப் வெளிநாடு' என்று எழுதியிருந்தது.

ஆனாலும் கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் கடை காற்று வாங்கியது. விலை கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். அதில்கூட அவளுக்குக் கோபம்தான் வந்தது, வருத்தம் வரவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் வந்தது. சித்தாள் வேலைக்குப் போகிற ஒரு பெண் காசிமாயன் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. எனக்கும் நல்லது வாங்கணும்னு ஆசைதான். ஆனா எங்களுக்கு இம்புட்டு விலை தாங்காதுக்கா. அப்ப நாங்க மட்டும் எரிஞ்சு போறதையே வாங்கணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வி மங்கையை இரண்டு நாள் உலுக்கியது. மூன்றாம் நாள் திருவாதவூரில் போய் நின்றாள்.

"நாலு ஓட்டை எதுக்கு அண்ணே? நாலு சுவிட்ச், கலர் லைட்டு, பளபளன்னு டப்பா. அதெல்லாம் எடுங்க. ரெண்டு ஓட்டை, ஒரு சுவிட்ச், அட்டைப்பெட்டி வேணாம். ஆனா உள்ள கம்பி மட்டும் இதே கம்பி."

"லாபம் நிக்காதுக்கா."

"எனக்கும் நிக்காது. கொஞ்ச நாள் ரெண்டு பேரும் நிக்காம பாப்பம்."

சின்னப் பெட்டி வந்தது. முகேஷ் சரக்கைவிடக் கொஞ்சம்தான் கூட. முதல் பெட்டியை வாங்கியது பாண்டிமீனா. கட்டுப் பிரித்து, தழும்போடு வந்திருந்தாள். வாங்கும் முன் தானே ஸ்க்ரூடிரைவர் கேட்டு வாங்கி, திறந்து, ஒயரைச் சுரண்டிப் பார்த்தாள். அதன் பிறகு அவள் கடைக்கு ஜாக்கெட் தைக்க வருகிற அத்தனை பெண்களிடமும் அதே பிளேடு வித்தையைக் காட்டினாள். மங்கை எழுதிய பலகையைவிட அந்தத் தழும்பு நிறையப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தது.

தை மாதம் வண்டியூர்த் தெப்பத் திருவிழா நெருங்கும்போது பந்தல், லைட் செட் போடுகிற கருத்தக்கண்ணன் வந்தார். ஒரு டெம்போ நிறைய செத்துப்போன சீரியல் லைட் செட் வைத்திருந்தார்.

"அக்கா, உங்களைப் பத்தி ஊரே பேசுது. எனக்கு நாட்டுப்பற்று அது இதெல்லாம் கிடையாது, முன்னாடியே சொல்லிப்புட்டேன். இந்த இறக்குமதி செட்டு விலை கம்மி, நல்லா மினுங்குது. ஆனா ஒரு பல்பு போச்சுன்னா சரம் பூரா போச்சு. பிரிக்கவும் முடியல, ஒட்டவும் முடியல. வருசா வருசம் குப்பைக்குப் போடுறேன். ரிப்பேர் பண்ணுற மாதிரி யாராச்சும் செஞ்சா சொல்லுங்க."

மங்கை காசிமாயனுக்கு ஃபோன் போட்டு அவர் கையில் கொடுத்தாள். இருவரும் அரை மணி நேரம் கத்திப் பேசிக்கொண்டார்கள். அந்தத் திருவிழாவுக்குக் காசிமாயன் ஷெட்டில் செய்த இருபது சரம் மட்டும் சோதனையாக ஓடியது. தெப்பம் சுற்றி வரும்போது வடகரையில் ஒரு சரம் அணைந்தது. ஷெட்டில் வேலை செய்கிற பெண் ஒருத்தி சாமி பார்க்க வந்தவள், கூட்டத்தில் இருந்தே ஏணி கேட்டு வாங்கி ஏறி, பல்பை மாற்றி எரியவிட்டாள். கருத்தக்கண்ணன் மறுநாளே அடுத்த வருடத்துக்கு மொத்தமாகச் சொல்லிவிட்டார்.

இப்போது கடை பழையபடி ஓடுகிறது. பழையபடி என்றால் பெரிய லாபம் என்று அர்த்தமில்லை. அந்த ரோட்டில் இன்னும் இரண்டு கடைகளில் ஊர் பேர் எழுதிய அட்டை ஏறியிருக்கிறது. ஒன்று அந்தப் பேத்திக்காரப் பெரியவர் கடை. மற்றவர்கள் பழைய மாதிரியேதான் விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ராஜகுரு ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வந்து, அச்சு மாதிரி இருக்கும் தன் கையெழுத்தில் அட்டைகளை எழுதித் தருகிறார்.

போன மாதம் காசிமாயன் கடைக்கு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. "முகேஷ் ஆள் விட்டிருந்தான்க்கா. மாசம் ரெண்டாயிரம் பெட்டி வேணுமாம். நம்ம ஷெட்டு தாங்காத ஆர்டர். உங்களைக் கேக்காம எப்படின்னு…"

"இதுல என்னைய எதுக்குக் கேக்குறீக? நல்ல பெட்டி அவன் மூலமா நாலு ஊருக்குப் போனா நல்லதுதான். குடுங்க."

"அதுல ஒரு இது இருக்கு. பின்னாடி என் பேரும் நம்பரும் வேணாங்கிறான். வெறும் பெட்டியாக் குடுங்க, ஸ்டிக்கர் நாங்க ஒட்டிக்கிறோம்னு."

மங்கை கையிலிருந்த டெஸ்டரைக் கல்லா மேல் வைத்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காசிமாயன் அங்குமிங்கும் பார்த்தார். அவருடைய ஃபோன் அடித்தது. எடுத்தார். யாரோ பெரியகுளத்திலிருந்து, பெட்டியில் நம்பர் பார்த்துப் பேசுகிறேன், ஒரு சுவிட்ச் இறுக்கமாக இருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். காசிமாயன் பொறுமையாகக் கேட்டார். "நம்ம சாமான்தாங்க. பஸ்ல போட்டு விடுங்க, பாத்துத் தாரேன்" என்றார். வைத்தவர் அதே ஃபோனில் முகேஷின் நம்பரைத் தேடி அழுத்தினார்.

"தம்பி, காசிமாயன் பேசுறேன். பேரோட வேணும்னா ரெண்டாயிரம் இல்ல, ராத்திரி பகலா உக்காந்து நாலாயிரம் தாரேன். பேர் இல்லாம ஒண்ணுகூடக் கிடையாது."

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று மங்கை கேட்கவில்லை. கடைக்குள் ஒரு ஆள் ஏறி, "ஓனர் இல்லையாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அவருக்கு என்ன வேண்டும் என்று விசாரிக்கப் போய்விட்டாள். முகேஷ் இன்னும் பதில் சொல்லவில்லை என்று கேள்வி. காசிமாயன் ஷெட்டில் பெட்டிக்குப் பின்னால் அச்சடிக்கும் எழுத்தை மட்டும் இரண்டு சுற்றுப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.